கஸா மென்பொருளில் மறைந்து வந்த தீநிரல்கள்

கஸா என்பது இணையத்தின் வழியாகப் பயனர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவிய ஒரு மென்பொருள் ஆகும். இது 2001 மார்ச்சில் வெளியிடப்பட்டது. இலவசமாகக் கிடைத்த இம்மென்பொருளை நிறுவும்போது, பயனர் கேளாத வேறு சில நிரல்களும் உடன் நிறுவப்பட்டன. அவற்றுட் சில விளம்பரங்களைக் காட்டின. சில பயனரின் இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தன. ஒன்று பயனரின் கணினியையே பிறர் பயன்பாட்டுக்குத் திறந்துவிடக்கூடியதாக இருந்தது. இலவச மென்பொருளுடன் தீநிரல்கள் சேர்ந்து வருவதற்குக் கஸா நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

கஸாவை உருவாக்கியது நெதர்லாந்தில் இயங்கிய ஒரு நிறுவனம் ஆகும். அதன் நிறுவனர்களான நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், ஜானஸ் ஃபிரீஸ் ஆகியோரே 2003 இல் ஸ்கைப் மென்பொருளையும் வெளியிட்டனர். 2002 சனவரியில் கஸாவை ஷார்மன் நெட்வொர்க்ஸ் வாங்கியது. இந்நிறுவனம் வனுவாட்டு நாட்டில் பதிவு செய்யப்பட்டு ஆத்திரேலியாவிலிருந்து இயங்கியது. 2003 மே மாத அளவில் கஸா 23 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது.

கஸா பயனரிடம் பணம் பெறவில்லை. பிற நிறுவனங்களின் நிரல்களைத் தன் நிறுவியுடன் இணைத்து அனுப்புவது அதன் முக்கிய வருவாய் வழிகளுள் ஒன்றாக இருந்தது. விளம்பரம் இல்லாத பதிப்பு 2003 ஆகஸ்ட்டில் 29.95 அமெரிக்க டாலர் விலையில் வெளிவந்தது. இலவசப் பதிப்புக்கும் ஒரு விலை இருந்தது என்பதை இது காட்டுகின்றது.

இணைந்து வந்த நிரல்கள்

* சைடோர்: விளம்பரங்களைத் தருவித்துக் காட்டும் நிரல். இதன் முக்கியக் கோப்பை நீக்கினால் கஸாவும் இயங்க மறுத்தது.
* கேட்டர்: பயனர் பார்க்கும் தளங்களைக் கவனித்து, அவற்றுக்கு ஏற்ற விளம்பரச் சாளரங்களைத் திறக்கும் நிரல். பிற தளங்களின் மேல் தன் விளம்பரங்களைக் காட்டியதால் 2002 இல் அமெரிக்கச் செய்தித்தாள் நிறுவனங்கள் இதன் மீது வழக்குத் தொடுத்தன.
* ஆல்ட்நெட்: பயனர்களின் கணினிகளை ஒரு தனி வலையமைப்பாக இணைக்கும் நோக்குடைய நிரல்.

டில்டர் நிகழ்வு

2002 இன் தொடக்கத்தில், கஸா, குரோக்ஸ்டர், லைம்வயர் ஆகியவற்றுடன் பரிசுப் போட்டி என்ற பெயரில் வந்த ஒரு நிரலுக்குள் டில்டர் என்னும் டிரோஜன் இருப்பது கண்டறியப்பட்டது. இது விண்டோசின் எக்ஸ்புளோரர் கோப்பின் பெயரிலேயே மற்றொரு கோப்பை வேறொரு கோப்புறையில் வைத்தது. பயனர் சென்ற இணைய முகவரிகளை வெளி வழங்கி ஒன்றுக்கு அனுப்பியது. நிரல் பட்டியலைப் பார்ப்பவருக்குப் பழகிய பெயரே தெரியும் என்பதால் ஐயம் எழுவது அரிது.

ஆல்ட்நெட் வெளிப்பாடு

2002 ஏப்ரலில் மேலும் ஒரு செய்தி வெளியானது. பிரில்லியண்ட் டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனம் கஸாவுடன் தன் நிரலைச் சேர்த்து அனுப்பிவந்தது. பயனர்களின் கணினிகளில் உள்ள சேமிப்பிடம், இணையத் திறன், கணிப்புத் திறன் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வணிக வலையமைப்பை உருவாக்குவது அதன் திட்டம். இத்திட்டம் அந்நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்துக்கு அளித்த அறிக்கையின் மூலமே பரவலாகத் தெரியவந்தது. அதாவது, பங்குதாரர்களுக்குச் சொல்லப்பட்ட அளவுக்குக் கணினியின் உரிமையாளர்களுக்குச் சொல்லப்படவில்லை. பயனரின் இசைவின்றி வலையமைப்பு இயக்கப்படாது என்று நிறுவனம் பின்னர் விளக்கமளித்தது.

ஒப்புதல் பற்றிய சிக்கல்

நச்சுநிரல் ஒன்று அனுமதி கேட்பதில்லை. கஸாவுடன் வந்த பெரும்பாலான நிரல்களோ அனுமதி பெற்றே நுழைந்தன. நிறுவும்போது தோன்றும் நீண்ட உரிம ஒப்பந்தத்தில் அவற்றைப் பற்றிய விதிகள் இருந்தன. பயனர் அதனைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டார். எனவே தம்முடையவை உளவு மென்பொருள்கள் அல்ல, விளம்பர மென்பொருள்கள் மட்டுமே என்று ஷார்மன் நிறுவனம் வாதிட்டது. ஒரு சொடுக்கு உண்மையான ஒப்புதல் ஆகுமா என்பதே இங்கு எழும் அடிப்படைக் கேள்வியாகும். எதற்கு ஒப்புகிறோம் என்று அறியாதவர் அளிக்கும் ஒப்புதல் பெயரளவிலானதே.

இத்தகைய நிரல்களை நீக்குவதும் எளிதன்று. முதன்மை மென்பொருளை நீக்கினாலும் துணை நிரல்கள் கணினியிலேயே தங்கிவிடுவதுண்டு. அக்காலத்து இலவச மென்பொருள்களுடன் வந்த சில நிரல்கள், விண்டோசின் இணையத் தொடர்பு அடுக்குகளுக்கு இடையே தம்மைச் செருகிக்கொண்டன. அவற்றை முறையின்றி அழித்தால் இணையத் தொடர்பே அறுந்துபோகும்.

எதிர்வினைகள்

துணை நிரல்களை அகற்றி, பிறர் மாற்றியமைத்த கஸா லைட் என்னும் பதிப்பு 2002 இல் பரவியது. இது தன் பதிப்புரிமையை மீறுவதாக ஷார்மன் முறையிட்டதால், 2003 ஆகஸ்ட்டில் கூகிள் அதற்கான இணைப்புகளைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கியது.

2006 மார்ச்சில் ஸ்டாப்பேட்வேர் அமைப்பு தன் முதல் அறிக்கையில் கஸாவைத் தீய மென்பொருளாகப் பட்டியலிட்டது. உளவு மென்பொருள் இல்லை எனத் தவறாக விளம்பரம் செய்தல், நீக்கும்போது எல்லாப் பகுதிகளையும் அகற்றாமை ஆகியவை காரணங்களுள் அடங்கும். பதிப்புரிமை வழக்குகளின் முடிவில், 2006 சூலையில் ஷார்மன் இசை நிறுவனங்களுக்கு 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுக்க உடன்பட்டது. கட்டணச் சேவையாக மாறிய கஸா 2012 இல் மூடப்பட்டது.

இலவசமும் கட்டற்றதும்

இலவச மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு. கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம்; வேண்டாத பகுதியை நீக்கி மீண்டும் வெளியிடலாம். கஸாவின் மூல நிரல் மூடப்பட்டிருந்தது. எனினும் மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது. திறந்த மூல நிரல் கொண்ட லைம்வயரின் நிறுவியிலும் விளம்பர மென்பொருள்கள் ஒரு காலத்தில் இணைக்கப்பட்டிருந்தன. ஆகவே மென்பொருளை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே பெறுதல், நிறுவும்போது விரிவான தெரிவுகளைத் திறந்து பார்த்தல், வேண்டாதவற்றின் குறிகளை நீக்குதல் ஆகியவை இன்றும் தேவையான முன்னெச்சரிக்கைகள் ஆகும்.