மூன்றாம் மனிதர்

கொள்ளை நோய்களைப் பற்றிச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் மாண்டார்கள், எந்த மருந்து எப்போது வந்தது என்பதையெல்லாம் விடாமல் எழுதிவிடுகிறார்கள். நோய்க்குப் பயந்து சாத்திய கதவுகளுக்குள் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதுவதுதான் கஷ்டம். அடி வாங்கிய குழந்தை நாட்குறிப்பு எழுதுவதில்லை. அடித்தவரோ வாயே திறக்கமாட்டார். நாவலாசிரியன் கதவைத் தட்டாமலே எந்த வீட்டுக்குள்ளும் போய்விடலாம். சரித்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு மூன்றாம் மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

1874-ம் வருஷம் நியூயார்க் நகரில் நடந்ததைப் பாருங்கள். ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வசித்த பகுதியில் மேரி எலன் என்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். வளர்ப்புத் தாய் அவளை அநேகமாகத் தினமும் சாட்டையால் அடித்தாள். அறையில் வைத்துப் பூட்டினாள். அடுத்த அறையில் ஒரு ஸ்திரீ க்ஷயரோகத்தால் படுத்த படுக்கையாக இருந்தாள். எழுந்து நடமாட முடியாவிட்டாலும், சுவருக்கு அப்பால் கேட்ட அழுகை அவள் காதில் விழுந்தது. எட்டா வீலர் என்ற மாதர் சேவகி, அந்த நோயாளிக்கு ஒத்தாசை கேட்கிற சாக்கில் கதவைத் தட்டிக் குழந்தையைத் தன் கண்ணால் கண்டாள்.

பிறகு வீலர் பல இடங்களில் முறையிட்டும் பலன் இல்லை. கடைசியில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்கிடம் போனாள். அவர் முயற்சியால் வழக்கு நியாயஸ்தலம் ஏறியது. குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். வளர்ப்புத் தாய்க்கு ஒரு வருஷம் தண்டனை கிடைத்தது. அந்த நகரில் பிராணிகளுக்கு 1866-லேயே சங்கம் இருந்தது. குழந்தைகளுக்கு ஒரு சங்கம் சட்டப்படி அமைந்தது 1875-ல்தான்.

அதன் பிறகு இந்தக் காவல் மெல்ல மெல்ல வளர்ந்தது. பள்ளி உபாத்தியாயர், டாக்டர், அண்டை வீட்டார் என்று பல கண்கள் குழந்தையைப் பார்க்கலாயின. 2020-ம் வருஷம் கொரோனா வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் மூடிக்கொண்டன. ஊரடங்கைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தடுப்பூசி வராத அந்த நாளில் நோயைத் தடுக்க உலகம் கையாண்ட வழி அது. ஆனால் வீடே பத்திரமான இடம் என்ற அறிவுரை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தவில்லை.

நம் நாட்டில் குழந்தைகளின் உதவிக்கு 1098 என்ற டெலிபோன் எண் உண்டு. 1996-ல் மும்பையில் ஆரம்பமான சேவை அது. 2020 மார்ச் 24-ம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த மாதம் 20 முதல் 31 வரையில் அந்த எண்ணுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் அழைப்புகள் வந்தன. அவற்றில் 92,105 அழைப்புகள் கொடுமையிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காப்பாற்றக் கோரியவை.

அமெரிக்காவில் ப்ளாரிடா மாநிலத்தில் நேர்விரோதமாக நடந்தது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதங்களில், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிடச் சுமார் 15,000 புகார்கள் குறைந்துபோயின. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் சந்தோஷச் செய்தி! பெற்றோர் திடீரென்று சாந்தசொரூபிகளாகிவிட்டார்களா? இல்லை. அங்கே சந்தேகம் தோன்றினால் உபாத்தியாயர் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பள்ளி மூடிவிட்டதால் குழந்தையின் கன்னத்துத் தழும்பை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

லண்டனில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு, மார்ச் 23 தொடங்கி ஒரே மாதத்தில், யாரோ அடித்தோ உலுக்கியோ தலையில் காயப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்துடன் பத்துச் சிசுக்கள் வந்து சேர்ந்தன. முந்திய மூன்று வருஷங்களில் அதே மாதத்தின் சராசரி ஒன்றுகூட இல்லை. ஓர் ஆஸ்பத்திரிக் கணக்கை வைத்து உலகத்தை அளக்கக்கூடாது என்பது உண்மையே. ஆனாலும், புகார் இல்லாவிட்டால் கொடுமையும் இல்லை என்று எண்ணுகிறவர்களுக்கு அந்தப் பத்துச் சிசுக்களே போதுமான பதில்.

அடித்தவர்கள் எல்லோரும் பிறவி ராட்சசர்கள் என்று நான் நினைக்கவில்லை. வேலை போயிற்று; கையில் காசில்லை; வெளியே நோய்; ஒற்றை அறையில் நாள் முழுவதும் எல்லோரும். கோபம் வந்தால் போக்கிடம் இல்லை. அது ஆகச் சிறிய உடம்பின் மேல் போய் விழுகிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நாம் வெகு காலமாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். அடிபட்ட குழந்தை அந்தப் பழமொழியை ஒப்புக்கொள்கிறதா என்று நாம் விசாரித்ததே இல்லை.

இங்கிலாந்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஊரடங்கிலும் ஆபத்தான நிலையிலிருந்த குழந்தைகளுக்காகப் பள்ளிகளைத் திறந்தே வைத்தார்கள். ஆனால் ஆரம்ப வாரங்களில் வந்தவர்கள் வெகு சிலரே. இதில் ஆச்சரியம் என்ன? அடிக்கிற வீடு குழந்தையைத் தானாகக் கொண்டுவந்து காட்டுமா? கொள்ளை நோய் இன்னொரு முறை வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அப்போதும் கதவுகளைச் சாத்தத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எந்தெந்த வீட்டுக் குழந்தையை யார் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்பதை அதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். சுவாசத்துக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்றபடியே பார்த்தாலும் போதும். குழந்தை அங்கிருந்து ஒரு முகத்தைக் காணும்.