நீதிபதிகளிடம் அபிப்பிராயம் கேட்கலாமா?

நம்ம ஊரில் ஜோசியரிடம் போனால் இரண்டு விதமாகக் கேட்போம். "பையனுக்கு இப்போ என்ன தசை நடக்குது?" என்பது ஒன்று. பஞ்சாங்கத்தைப் புரட்டி, கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். "இந்த இடத்தை முடிச்சுடலாமா, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்பது இன்னொன்று. கெட்டிக்கார ஜோசியர் என்றால், "பொருத்தம் ஏழு இருக்கு, அப்புறம் உங்க இஷ்டம்" என்று நைசாக நழுவிக்கொள்வார். நாளைக்கு மாமியார் மருமகள் சண்டை வந்தால் அவரை யாரும் இழுக்க முடியாது பாருங்கள்.

விஷயம் தெரிந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்கலாமா, கேட்டால் அவர்கள் சொல்லத்தான் வேண்டுமா என்பது ரொம்பப் பழைய வழக்கு. நம் உச்ச நீதிமன்றமே 75 வருடமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 143-வது பிரிவு இருக்கிறதே, அது இதற்காகவே எழுதப்பட்டது. நாட்டுக்கு முக்கியமான ஒரு கேள்வி எழுந்தால், வழக்கு எதுவும் இல்லாவிட்டாலும், ஜனாதிபதி அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். வருவது தீர்ப்பு இல்லை, கருத்து.

அமெரிக்காக்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். 1793-ல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர். நடுநிலை வகிப்பது என்றால் எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாது என்று வாஷிங்டன் அரசுக்குக் குழப்பம். வெளியுறவு பார்த்த ஜெஃபர்சன் 29 கேள்விகளைத் தயார் செய்து தலைமை நீதிபதி ஜான் ஜேயிடமும் மற்ற நீதிபதிகளிடமும் யோசனை கேட்டார். ஆகஸ்ட் 8-ம் தேதி மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. எங்கள் வேலை வழக்கைத் தீர்ப்பது, ஆலோசனை சொல்வது இல்லை என்பது அதன் சாரம். இன்றுவரை அங்கே அதுதான் வழக்கம்.

பிரிட்டிஷ்காரர்கள் அவ்வளவு கறார் இல்லை. 1935-ம் வருட இந்திய அரசுச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு வைத்தார்கள். 1938-ல் டெல்லி ஃபெடரல் கோர்ட்டுக்கு முதலில் வந்த கேள்வியே, மத்திய மாகாணம் பெட்ரோல் விற்பனைக்கு வரி போடலாமா என்பதுதான். (பெட்ரோல் வரிச் சண்டைக்கு அவ்வளவு வயசு!) ஆனால் அந்தச் சட்டப்படி சட்டம் பற்றிய கேள்வி மட்டும்தான் கேட்க முடியும். நம் அரசியல் சட்டம் எழுதியவர்கள் "சட்டம் அல்லது உண்மை நிலை" என்று வாசலை அகலமாக்கினார்கள். கூடவே ஒரு தாழ்ப்பாளும் வைத்தார்கள். இப்படி வரும் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்"லலாம்" என்றுதான் இருக்கிறது, சொல்ல "வேண்டும்" என்று இல்லை.

1958-ல் கேரளக் கல்வி மசோதா, 1960-ல் பெருபாரி நிலப்பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது என்று வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. 1964-ல்தான் ஒரு கூத்து. கேசவ் சிங் என்பவரை உத்தரப் பிரதேச சட்டமன்றம் அவமதிப்புக்காகச் சிறையில் போட்டது. அவருக்கு ஜாமீன் கொடுத்த இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகளையே பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சட்டமன்றம் சொல்ல, அலகாபாத்தில் 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதற்குத் தடை போட்டார்கள். விவகாரம் ஜனாதிபதி வழியாக டெல்லிக்குப் போயிற்று. உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சொல்லும்போதே, அரசியல் சட்டத்தோடு சம்பந்தமே இல்லாத வெறும் அரசியல், பொருளாதாரக் கேள்விகள் வந்தால் பதில் சொல்ல மாட்டோம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்பதையும் பதிவு செய்தது.

அடுத்தது பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு மறக்க முடியாத கதை. 1991 ஜூன் 25-ல் காவிரி நடுவர் மன்றம் வருடத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே முதல்வர் பங்காரப்பா அதைச் செல்லாததாக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். மத்திய அரசு ஜனாதிபதி மூலம் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. அந்த அவசரச் சட்டம் செல்லுமா, இடைக்கால உத்தரவை அரசிதழில் வெளியிட வேண்டுமா, இடைக்கால உத்தரவு போட நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டா - இவ்வளவுதான் கேள்வி.

கேட்காமல் விட்டதைக் கவனியுங்கள். 205 டி.எம்.சி. நியாயமா, தண்ணீர் யாருக்கு அதிகம் தேவை என்று யாரும் கேட்கவில்லை. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு அணைக் கணக்கு, மழைக் கணக்கு, பயிர்க் கணக்கு எல்லாம் பார்க்க வேண்டும். அது நடுவர் மன்றத்தின் வேலை. நீதிபதிகள் முன்னால் வைத்தது சட்டப் புத்தகத்தை வைத்து விடை காணக்கூடிய கேள்விகளை மட்டும். நவம்பர் 22-ல் பதில் வந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் இருக்க முடியாது, அவசரச் சட்டம் செல்லாது, உத்தரவை அரசிதழில் வெளியிட வேண்டும் என்றது நீதிமன்றம். கர்நாடகத் தரப்பு, இடைக்கால நிவாரணம் பற்றி நீதிமன்றம் ஏப்ரலில் கொடுத்திருந்த தீர்ப்பையும் இந்தச் சாக்கில் மறுபடி கிளறப் பார்த்தது. கருத்துக் கேட்பது மேல்முறையீடு ஆகாது என்று அதையும் மறுத்தார்கள்.

டிசம்பரில் உத்தரவு அரசிதழில் வந்தது. அடுத்து பெங்களூரில் நடந்ததை இங்கே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தமிழர் பகுதிகள் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின, குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் நீதிபதிகள் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி அவர்களுடைய படிப்புக்கு உள்ளே இருந்தது. பதில் சிலருக்குக் கசக்கும் என்பதற்காகச் சொல்லாமல் விட்டால் பிறகு எதற்கு அவர்கள்? தெருவில் நடந்ததைத் தடுக்க வேண்டியது போலீசும் அரசாங்கமும்.

இதற்கு நேர் எதிர் கதை 1993-ல். பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் டெல்லியில் யோசனை ஓடி, ஜனவரி 7-ல் நரசிம்ம ராவ் அரசு ஜனாதிபதி மூலம் ஒரே ஒரு கேள்வி அனுப்பியது. மசூதி கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் இந்துக் கோயில் இருந்ததா? மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமான உண்மை நிலைக் கேள்வி. இருந்தது அல்லது இல்லை. ஆனால் 1994 செப்டம்பரில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னதைப் பார்த்தால் வேறு கதை. கோயில் இருந்தது என்றால் இந்துக்கள் விருப்பப்படியும், இல்லை என்றால் முஸ்லிம்கள் விருப்பப்படியும் அரசு நடக்குமாம். ஆக, 400 வருடத்துக்கு மேல் பழைய விஷயத்தைக் கேட்கிற மாதிரி இன்றைக்கு நிலம் யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள்!

1994 அக்டோபர் 24-ல் ஐந்து நீதிபதிகளும் பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள். மூன்று பேர், அயோத்தி உரிமை வழக்குகளுக்கு நாங்கள் மறுபடி உயிர் கொடுத்துவிட்டோம், இந்தக் கேள்வி தேவையில்லை என்றார்கள். அகமதி, பரூச்சா இருவரும் இன்னும் ஆழமாகப் போனார்கள். தொல்லியல், சரித்திரச் சான்றுகளை எடைபோட எங்களுக்குத் தகுதி போதாது, நிபுணர்களை வைத்தாலும் அவர்கள் சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை என்பது அவர்கள் வாதத்தில் முக்கியமானது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தில் உட்கார்ந்துகொண்டு "இது எங்களுக்குத் தெரியாத பாடம்" என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். பிறகு அந்த வழக்குகள் சாட்சி, அகழாய்வு, குறுக்கு விசாரணை என்று நடந்து 2019 நவம்பர் 9-ல் முடிந்தன. அந்தத் தீர்ப்பு பிடிக்கிறதோ இல்லையோ, இரு தரப்பும் வாதாடி முடித்த பிறகு வந்தது.

ஆக, கேள்வியின் வாசகத்தைப் பார்த்து இது உண்மை நிலை, இது அபிப்பிராயம் என்று பிரிக்க முடியாது என்று படுகிறது. காவிரிக் கேள்வி கருத்துக் கேட்பதாக வந்தது, உள்ளே கணக்கு மாதிரி விடை இருந்தது. அயோத்திக் கேள்வி கணக்கு மாதிரி வந்தது.

கடைசியாக நம் ஆளுநர் விவகாரம். 2025 ஏப்ரல் 8-ல் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் பற்றி இரண்டு நீதிபதிகள் தீர்ப்புக் கொடுத்தார்கள். மே மாதமே ஜனாதிபதி 14 கேள்விகள் அனுப்பினார். இது மறைமுக மேல்முறையீடு, பதில் சொல்லக் கூடாது என்று இந்தத் தடவை ஆட்சேபித்தது தமிழ்நாடு. 1991-ல் கர்நாடகத்தின் வாயை அடைத்த அதே வாதம்! இந்தத் தடவை எடுபடவில்லை. நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகத் தானே கருதிக்கொள்ளவும் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். 14 கேள்விகளில் சிலதைப் பதில் சொல்லாமலே திருப்பியும் அனுப்பினார்கள்.