பெருவிரல் பதிந்த பலகாரம்

பவானியில் காவிரியோடு பவானி ஆறு கலக்கிறது. கலந்தபின் எந்நீர் எவ்வாற்றினது என்று பிரித்துக் கூற இயலாது. கிறிஸ்து பிறப்பு விழாவன்று நம் இல்லங்களில் கைமாறும் பலகாரத் தட்டும் அத்தகையதே.

அத்தட்டில் அதிரசம், முறுக்கு ஆகியவற்றோடு நெய் பிஸ்கட்டும் இருக்கும். மைதா, நெய், பொடித்த சர்க்கரை மூன்றையும் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் பெருவிரலால் மெல்ல அழுத்துவர். அக்குழியில் ஒரு முந்திரிப் பருப்போ, வண்ண டூட்டி புரூட்டித் துண்டுகளோ அமரும். பேக்கரி அடுப்பு வசதி இல்லாதோர், கனத்த பாத்திரத்தில் மணலைச் சூடேற்றி, அதனுள் தட்டை வைத்து மூடிச் சுடுவர்.

வட இந்தியாவில் இதன் பெயர் நான்கட்டாய். 'நான்' என்பது ரொட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். சூரத்து நகரில் டச்சுக்காரர்களுக்காக ரொட்டி சுட்ட அடுப்புகளில் இது பிறந்தது என அந்நகரத்தார் வழிவழியாகக் கூறுவர். முந்திரியைப் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கொணர்ந்தோர் போர்த்துக்கீசியர். டூட்டி புரூட்டியோ, சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய். பப்பாளியும் அமெரிக்க மண்ணுக்கு உரியதே. சுவீடன் நாட்டாரும் இவ்வாறே மாவைக் குழித்து, பழப்பாகு இட்டுச் சுடுகின்றனர்.

பெருவிரலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தம் ஒன்றில் கோனாய் என்பவரின் கைப்பதிவை வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் அமைந்தது. எழுத்தறியாதார் இடும் விரற்பதிவு நம்மிடையே 'கைநாட்டு' எனப்பட்டது. நாளடைவில் அச்சொல்லே ஏளனமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், பேத்தியின் திருமணத்திற்குச் சாட்சியாகக் கையொப்பமிட மூதாட்டி ஒருவரை அழைத்தோம். ஜமக்காளத் தறிக்கு நூல் சுற்றி வாழ்நாளெல்லாம் உழைத்தவர். "எனக்கு எழுத்து வராதுங்க சாமி" என்று தலைகுனிந்தார். மைப்பெட்டியை நீட்டினோம். பதித்தபின், விரலைச் சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைத்துக்கொண்டார். ஆறுதலாக ஒரு சொல்லும் நாம் கூறவில்லை.

அவ்வாண்டு விழாவன்று அவர் கொணர்ந்த தட்டில், ஒவ்வொரு பிஸ்கட்டின் நடுவிலும் அதே பெருவிரலின் குழிவு இருந்தது. வாயிலிட்டதும் கரைந்த அப்பக்குவத்திற்கு அளவு என்னவென வினவினோம். "அளவெல்லாம் ஏதுங்க சாமி? கைதானுங்க" என்றார். அம்முகத்தில் அன்று நாணம் இல்லை.

மறு விழாவுக்குள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் மகள் சுட்டனுப்பியவை கையிலெடுத்ததுமே உதிர்ந்தன. "அம்மா கைப்பக்குவம் எனக்குப் பிடிபடலைங்க சாமி" என்று அவர் கண்கலங்கினார்.

மூதாட்டியின் விரல்ரேகை நம் பதிவேட்டில் பத்திரமாக உள்ளது; அவர் கைப்பக்குவமோ எந்த ஏட்டிலும் இல்லை. எழுதத் தெரியாதவர் அவர். தெரிந்திருந்தும் எழுதாதிருந்தவர் நாம். இத்திருவருகைக் காலத்தில் உங்கள் இல்லத்து மூத்தோர் மாவு பிசைய அமர்கையில், ஒரு குறிப்பேட்டோடு அருகே அமருங்கள். அவர்தம் கைப்பிடி எத்தனை கிராம் என்று நிறுத்துப் பாருங்கள். ஏட்டின் தலைப்பில் அவர் பெயரை எழுதுங்கள்.