தறிக்குக் கட்டிய வீடு

செம்பரம்பாக்கம் பக்கம் மனை வாங்கியவர்கள் போடும் வீட்டு பிளானில் எல்லாம் இருக்கும். ஹால், இரண்டு பெட்ரூம், பூஜை அறை, கார் நிறுத்த இடம். "தச்சுப் பட்டறைக்கு ஒரு கூடம் வேண்டும், ஒரு சின்ன லேத் போட இடம் வேண்டும்" என்று யாராவது கேட்டால் இன்ஜினியர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வீடு வேறு, வேலை செய்யும் இடம் வேறு என்பது அந்த அளவுக்கு மனதில் ஊறிவிட்டது.

அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கதை தலைகீழ். தறி எங்கே என்று முடிவான பிறகுதான் அடுப்பு எங்கே என்ற பேச்சே வரும்.

குழித்தறி என்றால் பெயரிலேயே இருப்பது போலத் தரையில் ஒரு குழி. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிப்பார். மண்ணின் ஈரம் நூல் காய்ந்து அறுந்து போகாமல் காக்கும். ஆனால் அதே ஈரம் மழைக்காலத்தில் எதிரி! குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுவிடும். ஜக்கார்டு பெட்டி வந்த பிறகு இன்னொரு சிக்கல். அது தறிக்கு மேலே உட்காருவதால் கூரையை உயர்த்த வேண்டும். ஆக, தரையும் கூரையும் தறி சொன்னபடி.

அதோடு முடியவில்லை. பாவு நூலை முழு நீளத்துக்கு விரிக்க எந்த வீட்டிலும் இடம் போதாது. அதற்குத்தான் தெரு. பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களில் விடியற்காலையில் தெருவிலேயே பாவை நீட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகச் சரி பார்ப்பார்கள். பட்டறையில் பாதி வாசலுக்கு வெளியே இருந்தது என்றே சொல்லலாம். நெசவாளர் தெரு அகலமாக இருப்பது அழகுக்காக அல்ல.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சியில் நெசவாளர்கள் தனித்தனிப் பாடிகளில் குடியிருந்ததையும், உலகளந்த பெருமாள் கோயிலின் பொறுப்புகளில் அவர்களுக்குப் பங்கு இருந்ததையும் அது சொல்கிறது. கோயில் பணத்தை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு மரியாதை!

எல்லாக் கைவினைஞருக்கும் அந்த மரியாதை கிடைத்ததா? கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் வரும் அரசாணை அது. கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்பு அணிந்து வெளியே போகலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி தருகிறது. அதாவது, அதுவரை அந்த உரிமை இல்லை. ஊருக்கே கோயில் கட்டித் தந்தவர்கள், நகை செய்தவர்கள், கலப்பை செய்தவர்கள் தங்கள் சுவருக்குப் பூச்சு பூச அரசாணைக்குக் காத்திருந்தார்கள். 'இஷ்டப்படி வீடு கட்டுவது' என்பதை இன்று விளம்பரத்தில் சாதாரணமாகப் படிக்கிறோம்.

பிறகு வந்தது கம்பெனி. 1734இல் சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட்டுக்குத் துணி போதவில்லை. நெசவாளர்கள் வெளியூர்க் கிராமங்களில் சிதறி இருந்தார்கள். அவர்களைக் கண் முன்னால் கொண்டுவந்து வைத்தால் என்ன? கூவம் ஆறு வளைந்து போகும் இடத்தில் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமரின் தோட்டம் இருந்தது. அதை எடுத்து, நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர், வெளுப்பவர், கோயில் பணியாளர் ஆகியோருக்கென்று ஒரு பேட்டை அமைத்தார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். இன்று அங்கே போனால் மீன் மார்க்கெட் தெரியும், தறிச் சத்தம் கேட்காது.

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். வீட்டிலேயே தறி என்றால் தனி வாடகை இல்லை, போகவர செலவு இல்லை, மேஸ்திரி சம்பளமும் இல்லை. வியாபாரிக்கு எவ்வளவு லாபம்! நிலையான சொத்து முழுவதும் நெசவாளி தலையில். வியாபாரி போடுவது முன்பணம் மட்டும். அந்த முன்பணமும் கடனாக ஏறிவிட்டால் தறி வீட்டில் இருந்தாலும் துணி அவருடையது இல்லை.

கணக்கில் ஏறாத இன்னொன்றும் உண்டு. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வை நெசவுக்கு மூன்று நாடா வேண்டும். மறுபக்கத்தில் இருந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் பிள்ளை. தார் சுற்றுவது பாட்டி. கூலி மட்டும் ஒரு சேலைக்கு ஒரு கூலிதான். வீட்டோடு பட்டறை என்பதைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இரண்டு பக்கமும் போனது. ஒரு பக்கம் 1958இல் கிண்டி, 1964இல் அம்பத்தூர் என்று தொழிற்பேட்டைகள் வந்தன. அம்பத்தூரில் மட்டும் சுமார் 1,300 ஏக்கர். பட்டறைகள் அங்கே, குடியிருப்பு வேறெங்கோ. சத்தம், புகை, தீ விபத்து இவற்றை நினைத்தால் பிரித்தது தவறும் இல்லை. இன்னொரு பக்கம் 1980களில் கைத்தறி நெசவாளர்களுக்கு வீட்டுடன் கூடிய தறிக்கூடம் கட்ட மத்திய அரசு உதவித் திட்டம் கொண்டுவந்தது. பழைய பிளானையே அரசும் ஒப்புக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று செம்பரம்பாக்கத்தில் ஒருவர் பட்டறையோடு வீடு கட்ட நினைத்தால், மனை எந்த உபயோகப் பகுதியில் வருகிறது, எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வரை அனுமதி என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஏரிக்கரை ஊர் என்பதால் மழைக்காலத்தில் ஒருமுறை மனையை நேரில் பார்ப்பதும் நல்லது. குழித்தறிக்காரர்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

காஞ்சியிலோ வீடுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பஸ்கள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஆள் இல்லாத தறியைக் கழற்றி, குழியை மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி விடுகிறார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மோட்டார் பைக் நிற்கிறது. கூரை மட்டும் இன்னும் தேவைக்கு மேல் உயரமாக இருக்கிறது.