மூச்சே முதற்பாடம்

எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில், அடிப்பு வேலையாகச் செய்யப்பட்ட இரு வெள்ளி எக்காளங்களைக் காண்கிறோம். இரண்டும் ஒலித்தால் மக்கள் அனைவரும் கூடவேண்டும். ஒன்று மட்டும் ஒலித்தால் தலைவர்கள் வரவேண்டும். ஊதும் முறை மாறினால் பாளையம் பெயரவேண்டும். ஊதும் கடமை ஆரோனின் மைந்தருடையது. பொருள் பிறழாமல் ஊத அவர்களும் கற்றே இருக்கவேண்டுமன்றோ?

எக்காளத்தின் ஒலி குழாயில் பிறப்பதன்று. ஊதுபவரின் உதடுகளில் பிறக்கிறது. உதடுகளை மெல்ல மூடி, வாயின் ஓரங்களை உறுதியாக வைத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சைச் சீராகச் செலுத்தினால் உதடுகள் அதிர்கின்றன. அவ்வதிர்வைக் குழாய் பெருக்குகிறது. நாவின் நுனி 'து' என்று தொடங்கி வைக்க, ஒலி தெளிவாக எழுகிறது. வாய்முனையை உதட்டில் அழுத்துவது தொடக்கநிலையினரின் பொதுவான பிழை. அதனால் உதடு விரைவில் களைத்துவிடும்.

இந்த எளிய பாடத்தையே ஐரோப்பா நெடுங்காலம் பூட்டி வைத்திருந்தது. 1623-இல் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டு எக்காளக் கலைஞரின் சங்கத்திற்குத் தனியுரிமைகள் வழங்கினார். சங்கத்தைச் சாராதோருக்குக் கற்பிக்கலாகாது என்பது அவர்களின் விதி. ஆயினும் பெண்டினெல்லி என்பவர் 1614-இலேயே தம் கலையைக் கையெழுத்து நூலாக்கியிருந்தார். 1638-இல் பான்டினி என்ற இத்தாலியர் பயிற்சி நூலொன்றை அச்சேற்றினார். சங்கத்தின் பெருமை மங்கிய வேளையில், 1795-இல், ஆல்டன்பர்க் தாம் அறிந்தவற்றைத் தொகுத்து வெளியிட்டார். ஒருசிலரின் உடைமையாயிருந்த கலை இவ்வாறு படிப்படியாகப் பொதுவுடைமையாயிற்று.

அக்காலத்து எக்காளத்தில் வால்வுகள் இல்லை. உதட்டின் இறுக்கத்தை மாற்றிச் சில சுரங்களை மட்டுமே எழுப்ப முடிந்தது. ஸ்டோல்செல், புளூமெல் ஆகிய இருவரும் 1818-இல் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் வழக்கில் நிலைத்த மூன்று வால்வுகளில் நடுவிலுள்ளது சுரத்தை அரைப்படி இறக்கும்; முதலாவது ஒரு படி; மூன்றாவது ஒன்றரைப் படி. இவற்றின் சேர்க்கையால் எல்லாச் சுரங்களும் விரல்களுக்கு வசப்பட்டன. 1864-இல் பாரிசில் வெளிவந்த ஆர்பனின் பயிற்சி நூல் இன்றும் மாணவர் கைகளில் உள்ளது.

எனினும் எந்த வால்வும் மூச்சுக்கு ஈடாகாது. இன்று கற்கத் தொடங்கும் சிறுவனும் விரல்களை அசைக்குமுன் ஒரே சுரத்தை நீளமாக, நடுங்காமல் ஊதப் பழகவேண்டும். அதற்கு நாள்தோறும் சிறிது நேரமும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் தேவை. நம் தேர்பவனிகளில் பேண்டு வாத்தியம் முழங்கும்போது நாம் மகிழ்கிறோம். அங்கே ஊதும் முதியவர்கள் அறிந்ததை இளையோருக்குக் கற்றுக்கொடுக்க நம் பங்குகள் வழிசெய்யுமானால், அக்கலை மீண்டும் ஒருசிலரோடு முடங்கிவிடாது.