வீட்டு வெப்ப எக்கி நிறுவல்

வீட்டு வெப்ப எக்கி நிறுவல் என்பது, ஒரு குடியிருப்பை வெப்பமூட்டவும் குளிர்விக்கவும் பயன்படும் வெப்ப எக்கியை உரிய இடத்தில் பொருத்தி, அதன் குளிர்பதனக் குழாய்களையும் மின்கம்பிகளையும் பாதுகாப்பாக இணைத்து, சோதித்து, இயக்கத்துக்குக் கொண்டுவரும் பணியாகும். பேச்சு வழக்கில் இக்கருவி ஹீட் பம்ப் என்றே அழைக்கப்படுகிறது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி வீடுகளில் பரவலாகப் பயன்படும், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வகையைப் பற்றியது. அந்நாடுகளில் வீட்டு மின்வழங்கல் 120/240 வோல்ட்டு, 60 ஏர்ட்சு ஆகும். இந்தியா, இலங்கை போன்ற 230 வோல்ட்டு நாடுகளின் கம்பியமைப்பு வேறானது. ஆகையால் கீழே தரப்படும் கம்பி அளவுகளும் முறிப்பான் அளவுகளும் அங்கு அப்படியே பொருந்தமாட்டா.

வெப்ப எக்கி பார்வைக்கு ஒரு குளிர்சாதனக் கருவியைப் போன்றதே. ஆயினும் குளிர்சாதனக் கருவி கோடையில் சில மணிநேரம் இயங்கி ஓய்வது; வெப்ப எக்கியோ கடுங்குளிர் நாட்களில் இரவும் பகலும் ஏறக்குறைய ஓயாமல் இயங்குவது. கோடையில் வெளிப்படாத ஒரு தளர்ந்த இணைப்பு, குளிர்காலத்தின் நீண்ட சுமையில் சூடேறிக் கருகுவதற்கு இதுவே காரணம்.

இயக்கமும் பின்னணியும்

குளிர்பதனப் பொருள் வெளிக்கருவியில் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. அமுக்கி அந்த ஆவியை அழுத்தி அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. உட்கருவியில் அது மீண்டும் நீர்மமாக ஒடுங்கும்போது வெப்பம் வீட்டுக்குள் விடப்படுகிறது. திசைமாற்றி வால்வு இவ்வோட்டத்தைத் திருப்பினால் அதே கருவி குளிர்விக்கும். ஓர் அலகு மின்னாற்றலைக் கொண்டு மிதமான குளிரில் 3 அலகு அளவிலான வெப்பத்தை வழங்க முடிவது, வெப்பத்தை உண்டாக்காமல் இடம்மாற்றுவதாலேயே ஆகும்.

இத்தகைய எந்திரத்தால் கட்டிடங்களை வெப்பமூட்டலாம் என்பதை 1852இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) விளக்கினார். அதே பத்தாண்டில் ஆசுத்திரியப் பொறியாளர் பீட்டர் வான் ரிட்டிங்கர் உப்பளக் கரைசலை ஆவியாக்க இக்கோட்பாட்டைப் பயன்படுத்தினார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றத்தில் 1930களின் இறுதியில் நிறுவப்பட்ட எக்கி, ஆற்றுநீரிலிருந்து வெப்பத்தை எடுத்தது.

தரவுத்தகடும் மின்சுற்றும்

வெளிக்கருவியின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள தரவுத்தகட்டில் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, கம்பி தாங்க வேண்டிய குறைந்தபட்ச மின்னோட்டம். தொழிலாளர் வழக்கில் இது எம்.சி.ஏ. எனப்படும். மற்றொன்று, முறிப்பான் அல்லது உருகியின் உச்ச அளவு, இது எம்.ஓ.சி.பி. எனப்படும். முதலாவது கம்பியின் தடிமனையும், இரண்டாவது சுற்று முறிப்பானின் அளவையும் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதே கம்பியிணைப்பில் மிகப் பரவலான பிழையாகும்.

ஒற்றை வேக அமுக்கியுள்ள கருவியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் அமுக்கி 16 ஆம்பியரும் விசிறி 1 ஆம்பியரும் எடுப்பதாகக் கொண்டால், கம்பிக்கான எண் 16இன் 1.25 மடங்குடன் 1ஐக் கூட்டி 21 ஆம்பியர் ஆகும். முறிப்பானுக்கான உச்ச எண் 16இன் 2.25 மடங்குடன் 1ஐக் கூட்டி 37 ஆம்பியர் ஆகும்; வழக்கமான அளவுகளில் இதற்கு மேற்படாத 35 ஆம்பியர் தேர்ந்தெடுக்கப்படும். வீட்டுச் சுவர்களில் செல்லும் சாதாரண உறையிட்ட கம்பியில் 12 எண் செப்பு 20 ஆம்பியருக்கே தகுதியுடையது. எனவே அது போதாது. 30 ஆம்பியர் தாங்கும் 10 எண் செப்பு (5.26 சதுர மில்லிமீட்டர்) தேவை.

30 ஆம்பியர் கம்பிக்கு 35 ஆம்பியர் முறிப்பானா என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பு. சாதாரண விளக்குச் சுற்றிலோ செருகிச் சுற்றிலோ இது விதிமீறலாகும். அமுக்கிச் சுற்றில் இது அனுமதிக்கப்படுவதற்குக் காரணம், பாதுகாப்புப் பணி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகும். அமுக்கி தொடங்கும் கணத்தில் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய முறிப்பான் அப்போதே வீணாக விழுந்துவிடும். ஆதலால் முறிப்பான் குறுக்குச்சுற்றிலிருந்து மட்டும் காக்கிறது. மிகைச்சுமையிலிருந்து காப்பது அமுக்கியோடு இணைந்த தனிக் காப்புறுப்பு. இதே சலுகையைத் துணை வெப்பமூட்டிக்கோ வேறு சுற்றுக்கோ நீட்டிக்கக் கூடாது.

வேகம் மாறும் இன்வெர்ட்டர் வகைக் கருவிகளுக்கு மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. தயாரிப்பாளர் தகட்டில் அச்சிட்ட எண்களே முடிவானவை. பழைய கருவியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவோர் பழைய முறிப்பானை அப்படியே விட்டுவிடுவதுண்டு. புதிய கருவி குறைந்த மின்னோட்டம் எடுப்பதாயின், பழைய முறிப்பான் அதன் உச்ச அளவைத் தாண்டியதாக இருக்கக்கூடும்.

துணை வெப்பமூட்டியும் மின்பகிர்வுப் பெட்டியும்

கடுங்குளிரில் எக்கியின் திறன் குறையும்போது உதவுவதற்காக, உட்கருவியில் மின்தடைச் சுருள்கள் வைக்கப்படுவதுண்டு. வீட்டு மின்பகிர்வுக்கு உண்மையான சுமையாக அமைவது பெரும்பாலும் எக்கியன்று, இச்சுருள்களே. 10 கிலோவாட்டுச் சுருள் 240 வோல்ட்டில் 41.7 ஆம்பியர் எடுக்கும். தொடர் சுமைக்குரிய 25 விழுக்காட்டைச் சேர்த்தால் 52 ஆம்பியரைத் தாண்டும். உட்கருவியின் காற்றூதியையும் கணக்கிட்டு இதற்கு 60 ஆம்பியர் தனிச்சுற்று அமைக்கப்படுவது வழக்கம்.

100 ஆம்பியர் வழங்கல் மட்டுமே உள்ள பழைய வீட்டில் மின்னடுப்பு, துணி உலர்த்தி, மின்வண்டி மின்னேற்றி ஆகியவற்றோடு இதுவும் சேரும்போது, பெட்டியில் வெற்றிடம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. முழு வீட்டின் சுமையையும் கணக்கிட வேண்டும். வெப்பமூட்டலும் குளிர்வித்தலும் ஒரே நேரத்தில் நிகழா என்பதால் இரண்டில் பெரியது மட்டும் கணக்கில் கொள்ளப்படும். ஆனால் எக்கியும் துணைச் சுருளும் ஒருசேர இயங்கக்கூடுமாயின் இரண்டையும் கூட்டியே கணக்கிட வேண்டும்.

துண்டிப்பு ஆளி

வெளிக்கருவியின் பார்வையெல்லைக்குள், எளிதில் எட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பு ஆளி (சுவிட்ச்) இருக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பில் பார்வையெல்லை என்பது கண்ணுக்குத் தெரிவதாகவும் 15 மீட்டருக்கு மிகாததாகவும் இருப்பதைக் குறிக்கும். பழுதுபார்ப்பவர் கருவியைத் திறந்திருக்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் அறியாமல் முறிப்பானை ஏற்றிவிடும் இடரைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். கருவிக்குப் பின்னால் சுவரில் ஆளியைப் பொருத்திவிட்டு, அதை எட்டக் கருவியின் மேல் சாய வேண்டிய நிலையை உண்டாக்குவது அடிக்கடி காணப்படும் குறையாகும். ஆளியின் முன் ஏறக்குறைய 90 செ.மீ. ஆழமும் 76 செ.மீ. அகலமும் கொண்ட வெற்றிடம் விடப்பட வேண்டும்.

240 வோல்ட்டுச் சுற்றில் இரண்டு கம்பிகளுமே மின்னுள்ளவை. நிலத்துக்கு எதிராக ஒவ்வொன்றிலும் 120 வோல்ட்டு இருக்கும். ஆகவே இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இருமுனை முறிப்பானே பயன்படுத்தப்பட வேண்டும். பல ஒற்றை வேகக் கருவிகளில் உள்ள காண்டாக்டர் ஒரு கம்பியை மட்டுமே துண்டிப்பது. மற்றது அமுக்கியோடு எப்போதும் இணைந்தே இருக்கும். எனவே கருவி ஓய்ந்திருப்பது மின்சாரம் இல்லை என்பதற்கு அடையாளமாகாது.

ஆளியைத் துண்டித்த பின்பும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். இன்வெர்ட்டர் வகைகளில் இது 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தமாக இருக்கலாம். கருவியின் எச்சரிக்கைத் தாளில் குறிப்பிட்ட நிமிடங்கள் காத்திருந்து, பின்னர் பல்மானியால் (மல்டிமீட்டர்) அளந்து பார்த்த பிறகே உள்ளே கைவைக்க வேண்டும். அளக்கும் முன் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் மானியைச் சோதித்து, பின் கருவியில் அளந்து, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் சோதிப்பது தொழில்முறை வழக்கமாகும். பழுதான மானியும் சுழியத்தையே காட்டும் அல்லவா!

நிலத்தொடுப்பு

கருவியின் உலோக உறை, மின்பகிர்வுப் பெட்டி வரை இடையறாது செல்லும் நிலத்தொடுப்புக் கம்பியோடு இணைக்கப்பட வேண்டும். கருவிக்கு அருகே மண்ணில் ஒரு செப்புக்கோலை அடித்து, உறையை அதனுடன் இணைத்தால் போதும் என்ற கருத்து பரவலாக உண்டு. இது தவறானதும் உயிருக்கு ஆபத்தானதும் ஆகும். நன்கு அடிக்கப்பட்ட கோலொன்றின் நிலத்தடை 25 ஓம் எனக் கொள்வோம். 120 வோல்ட்டுக் கம்பி உறையைத் தொட்டால், மண்வழியே 4.8 ஆம்பியர் மட்டுமே பாயும். 35 ஆம்பியர் முறிப்பானுக்கு இது ஒரு பொருட்டன்று, அது விழாது. உறை மின்னேறிய நிலையிலேயே இருக்கும். அதே நேரத்தில் உறையையும் ஈர மண்ணையும், அல்லது உறையையும் அருகிலுள்ள உலோக வேலியையும் தொடும் குழந்தையின் உடல் வழியாக மின்சாரம் பாயும். நிலத்தொடுப்புக் கம்பி இருப்பின், பழுது மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியராக எழுந்து முறிப்பானை உடனே விழச்செய்யும்.

2020ஆம் ஆண்டின் அமெரிக்க விதித்தொகுப்பு, வீட்டு வெளிக்கருவிகளின் சுற்றுகளுக்கு மின்கசிவு முறிப்பானையும் கட்டாயமாக்கியது. ஆனால் இன்வெர்ட்டர் கருவிகளில் இயல்பாகவே கசியும் சிறு மின்னோட்டத்தால் அம்முறிப்பான்கள் காரணமின்றி விழுந்தன. பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. எனவே நிறுவும் இடத்தில் எந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது என்பதை உள்ளூர் ஆய்வாளரிடம் அறிந்துகொள்ள வேண்டும்.

கம்பிமுனைத் திருகுகளை முறுக்குமானித் திருகியால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விதியாகவே உள்ளது. கையுணர்வால் முடுக்கும்போது அனுபவமிக்கவர்களும் தவறுவதே இதற்குக் காரணம்.

கட்டுப்பாட்டுக் கம்பிகள்

குழல்வழிக் காற்று அமைப்புகளில் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி (தெர்மோஸ்டாட்) 24 வோல்ட்டில் இயங்கும். இது உயிருக்கு ஆபத்தற்றது. ஆனால் ஆர், சி ஆகிய முனைகள் ஒன்றையொன்று தொட்டால் சிறு உருகியோ மின்மாற்றியோ எரிந்துபோகும். திசைமாற்றி வால்வுக்குரிய முனை, பெரும்பாலான தயாரிப்புகளில் குளிர்விக்கும்போதும், சிலவற்றில் வெப்பமூட்டும்போதும் மின்னூட்டப்படும். இவ்வமைவு தவறினால் கருவி கோடையில் சூடேற்றிக் குளிர்காலத்தில் குளிர்விக்கும்.

குழலில்லாச் சுவர்க்கருவிகளில் உள், வெளிக் கருவிகளை நான்கு கம்பிகள் இணைக்கின்றன: மின்வழங்கலுக்கு இரண்டு, தகவல் குறிகைக்கு ஒன்று, நிலத்தொடுப்புக்கு ஒன்று. இருபுறமும் ஒரே எண்ணுள்ள முனைகளில் இவற்றை இணைக்க வேண்டும். குறிகைக் கம்பியும் வழங்கல் கம்பியும் இடம் மாறினால் மின்னணுப் பலகை பழுதாகலாம். இக்கம்பியை நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக இழுப்பது நல்லது.

குளிர்பதனக் குழாய்கள்

ஐக்கிய அமெரிக்காவில் குளிர்பதனப் பொருளைக் கையாளுவோர் 1994 முதல் தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவின்படி சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். முன்பு பரவலாயிருந்த ஆர்-22க்குப் பின் ஆர்-410ஏ வந்தது. அதன் இயங்கு அழுத்தம் ஆர்-22ஐவிட ஏறக்குறைய 60 விழுக்காடு மிகுதி. 2025 முதல் அங்கு தயாரிக்கப்படும் புதிய வீட்டுக் கருவிகளில் ஆர்-32, ஆர்-454பி ஆகியவை அதன் இடத்தைப் பிடித்துள்ளன. இவை இலேசாகத் தீப்பற்றக்கூடியவை. ஆகவே இவற்றுக்கென உருவான கருவிகளும் மீட்பு எந்திரங்களும் தேவை.

குழாய்களை இணைத்த பின் உலர் நைட்ரசனை அழுத்தி ஒழுக்கு சோதிக்கப்படும். இதற்கு ஆக்சிசனை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது; அமுக்கியின் எண்ணெயோடு அழுத்தப்பட்ட ஆக்சிசன் சேர்ந்தால் வெடிக்கும். பின்னர் வெற்றிட எக்கியால் 500 மைக்ரான் அளவுக்குக் காற்றும் ஈரமும் அகற்றப்பட்டு, எக்கியை மூடிய பின் அவ்வளவு நிலைக்கிறதா எனப் பார்க்கப்படும். மானி மெல்ல ஏறி ஓரளவில் நின்றால் உள்ளே ஈரம் எஞ்சியுள்ளது. நிற்காமல் ஏறினால் ஒழுக்கு உள்ளது.

இடத் தேர்வு

பனி பொழியும் பகுதிகளில் வெளிக்கருவி அவ்விடத்தின் வழக்கமான பனிமட்டத்துக்கு மேலே இருக்குமாறு தாங்கியில் வைக்கப்படுகிறது. உறைபனி நீக்கும்போது வடியும் நீர் நடைபாதையில் உறைந்து வழுக்கும் என்பதை நிறுவுவோர் மறந்துவிடுகின்றனர். கூரைச்சரிவின் கீழ் வைத்தால் சறுக்கி விழும் பனிக்கட்டி விசிறியை உடைக்கும். எரிவாயு மானியின் காற்றுப்போக்கியிலிருந்தும் உள்ளூர் விதி கூறும் தொலைவு விடப்பட வேண்டும். காண்டாக்டரில் தோன்றும் பொறி கசியும் வளிமத்தைப் பற்றவைக்கக்கூடும்.

அனுமதியும் முதல் இயக்கமும்

பெரும்பாலான இடங்களில் மின்பணிக்கு அனுமதியும் ஆய்வும் கட்டாயமாகும். தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், கூலிக்கு இப்பணியைச் செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே அனுமதியுண்டு. வீட்டுரிமையாளர் தம் வீட்டில் தாமே செய்யலாமெனினும் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும்.

அமுக்கியின் அடியில் எண்ணெயைச் சூடாக்கும் உறுப்பு உள்ள கருவிகளை, தயாரிப்பாளர் கூறும் நேரம் வரை, பொதுவாக 12 முதல் 24 மணிநேரம், மின்சாரத்தில் விட்டுவைத்த பின்னரே தொடங்க வேண்டும். இல்லையெனில் எண்ணெயில் கரைந்திருக்கும் குளிர்பதனப் பொருள் தொடக்கத்தில் நுரைத்து, உராய்வுப் பகுதிகளை எண்ணெயின்றி விட்டுவிடும். இயங்கத் தொடங்கிய பின் மின்னோட்டம் அளக்கப்பட்டுத் தகட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடப்படும். இறுதியாக, முறிப்பானுக்கு அருகே எந்தக் கருவிக்குரியது என்ற குறிப்புச் சீட்டு ஒட்டப்படும். அடுத்து இக்கருவியைத் திறக்கப்போகும் வேறொருவர் அதை நம்பியே முறிப்பானைத் தேடுவார்.