லினக்ஸில் விளையாட்டு ஓடுமா: ஒரு கேள்வியின் வரலாறு

கட்டற்ற மென்பொருள் பற்றிய ஒரு சிறு கூட்டத்தில் பேசினேன். உரிமம், மூலநிரல், அறிவின் மீதான தனியுடைமை என்று ஒரு மணி நேரம் ஓடியது. கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி எழுந்து, 'அதெல்லாம் சரி தோழர், லினக்ஸ்ல கேம் ஓடுமா?' என்றான். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, 'இப்பல்லாம் நிறைய ஓடுதுப்பா' என்று சமாளித்து மேடையை விட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு உறுத்தியது. கேளிக்கை என்றதும் முகம் சுளிக்கிற நம்முடைய பழைய வியாதிதான் அது. உண்மையில் அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே அரசியல் பொருளாதாரம் சார்ந்த கேள்வி அது ஒன்றுதான். 'ஓடுமா' என்பதற்குள் ஓட வைப்பது யார், யாருடைய உழைப்பில், யாருடைய அனுமதியோடு என்கிற கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டை டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்டது. 1994இல் அங்கே வேலை பார்த்த டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். இதற்கு வணிகக் காரணம் எதுவும் கிடையாது. லினக்ஸ் அப்போது மாணவர்களும் ஆய்வாளர்களும் வைத்து நோண்டிக்கொண்டிருந்த ஒரு சாமான், அவ்வளவுதான். ஆனால் 1997இல் ஜான் கார்மாக் டூமின் மூலநிரலை வெளியிட முடிவு செய்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. டாஸ் பதிப்பில் ஒலிக்காகப் பயன்பட்ட நிரல் தொகுப்பு வேறொருவருக்குச் சொந்தமானது. அதை வெளியிட உரிமை இல்லை. ஆகவே வெளியானது லினக்ஸ் பதிப்பின் மூலநிரல். 1999இல் அது பொது உரிமத்தின் கீழும் வந்தது. இன்றைக்கு எந்தெந்தக் கருவியிலோ ஓடுகிற டூம்களுக்கெல்லாம் மூதாதை இதுதான். லட்சக்கணக்கானோர் ஆடிய மையப் பிரதி பூட்டிய அறையில் கிடக்க, யாரும் காசு கொடுத்துக் கேட்காத விளிம்புப் பிரதி மூலப்பிரதி ஆயிற்று. கோட்பாட்டாளர்கள் இதை எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

போர்ட் பண்ணுவது என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டு நேரடியாகக் கணினியோடு பேசுவதில்லை. படம் வரை, ஒலி எழுப்பு, எந்த விசை அழுத்தப்பட்டது சொல் என்று இயங்குதளத்திடம் கேட்கிறது. 1995இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைரக்ட்எக்ஸ் இந்த உரையாடலுக்கான மொழி. எழுதுபவருக்கு அது மிக வசதியான மொழி, சந்தேகமில்லை. ஆனால் அதில் எழுதிவிட்டால் உங்கள் படைப்பு விண்டோஸ் தவிர வேறெங்கும் வாய் திறக்காது. லினக்ஸுக்குக் கொண்டுவர, அந்த வாக்கியங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஓபன்ஜிஎல் போன்ற வேறு மொழிக்கு மாற்றி எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் வேலை. மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கிற கூலியும் மரியாதையும் எப்படி என்பது சிறுபத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை ஒரு தொழிலாக நடத்திப் பார்க்கலாம் என்று நம்பியவர் ஸ்காட் டிரேக்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர். 1998இல் கலிபோர்னியாவில் அவர் ஆரம்பித்த நிறுவனத்துக்கு நார்ஸ் புராணத்தின் தந்திரக் கடவுளின் பெயர்: லோகி. மற்ற நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு உரிமம் பெற்று, லினக்ஸுக்குப் பெயர்த்து, பெட்டியில் போட்டுக் கடையில் விற்பது என்பது திட்டம். 1999இல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' வந்தது. பிறகு 'ரயில்ரோட் டைகூன் 2', 'சிம்சிட்டி 3000', 'குவேக் 3 அரீனா' என்று மூன்றே ஆண்டுகளில் சுமார் இருபது.

லோகி 1999 அக்டோபரில் அட்லாண்டாவில் செய்த ஒரு காரியம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. தேர்ந்தெடுத்த சில நிரலாளர்களை அழைத்து, 'கால் டு பவர்' மூலநிரலைக் கையில் கொடுத்து, 48 மணி நேரம் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். காவலுள்ள இடத்தில், ரகசிய ஒப்பந்தத்தின் பேரில். நேரம் முடிந்ததும் மூலநிரல் திரும்பப் பெட்டிக்குள். பொதுவுடைமைக்கும் தனியுடைமைக்கும் இடையே இரண்டு நாள் திறந்து மூடிய கதவு இது. திருவிழாவில் ஒரு நாள் மட்டும் கோயில் உள்ளே விட்டது மாதிரி என்று ஒரு நண்பர் சொன்னார். முழுக்க நியாயமான ஒப்புமை என்று சொல்ல மாட்டேன், மறக்கவும் முடியவில்லை.

சரி, அப்புறம் என்னாச்சு? சரக்கு விற்கவில்லை. லினக்ஸ்காரர் காசு கொடுக்க மாட்டார், இலவசத்துக்குப் பழகியவர் என்று அப்போது கிளம்பிய பேச்சு இன்றும் ஓயவில்லை. குவேக் 3 விஷயத்தை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. விண்டோஸ் பெட்டி எந்தக் கடையிலும் கிடைத்தது. லினக்ஸில் ஓடுவதற்கான கோப்பை ஐடி நிறுவனமே இறக்கிக்கொள்ளும்படி தந்தது. விண்டோஸ் வட்டில் உள்ள தரவோடு அதைச் சேர்த்தால் போதும். அநேகம் பேர் கணினியில் இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. பின் எதற்காக லினக்ஸ் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டும்? அவர்கள் காசு கொடுக்கத்தான் செய்தார்கள். அந்தக் காசு விண்டோஸ் கணக்கில் எழுதப்பட்டது. சந்தை எண்ணுவது வாங்கியவரை அல்ல, வாங்கிய பெட்டியின் மேல் உள்ள முத்திரையை. 2010இல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று, விரும்பிய விலை கொடுங்கள் என விளையாட்டுகளைத் தொகுத்து விற்றபோது, சராசரியாக அதிகம் கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள்தாம். அந்த விற்பனையை ஒட்டிச் சில விளையாட்டுகளின் மூலநிரலும் திறக்கப்பட்டது.

லோகி 2001 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கோரியது. 2002 ஜனவரியோடு மூடப்பட்டது. அதன் விளையாட்டுகளை இன்றைய லினக்ஸில் ஓட்டுவது பெரும்பாடு. எஞ்சியது வேறு. லோகியின் முதன்மை நிரலாளர் சாம் லாண்டிங்கா 1998இலேயே எழுதத் தொடங்கியிருந்த எஸ்டிஎல் என்ற நிரல் தொகுப்பு, எந்த இயங்குதளத்திலும் படம், ஒலி, விசைகளைக் கையாள ஒரு பொது மொழி. கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் நிறுவனத்தோடு சேர்ந்து அது சாகவில்லை. ஒலிக்கான ஓபன்ஏஎல்லும் லோகியில் முளைத்ததுதான். விற்பனைக்கு வைத்த சரக்கு செத்து, விற்காமல் கொடுத்த கருவி பிழைத்துக்கொண்டது. இன்று விண்டோஸ் விளையாட்டுகள் எழுதுபவர்களும் எஸ்டிஎல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்த பத்தாண்டை வேகமாகத் தாண்டுகிறேன், சிறு முயற்சிகள் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2012இல் காட்சி மாறியது. விண்டோஸ் 8 தன்னோடு மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடையைக் கொண்டுவந்தது. கணினி விளையாட்டு விற்பனையில் 'ஸ்டீம்' கடை மூலம் கோலோச்சிய வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் விண்டோஸ் 8ஐப் பேரழிவு என்றார். வீட்டுக்காரனே முன்னறையில் கடை போட்டால் வாடகைக்காரன் வேறு இடம் பார்க்க வேண்டியதுதானே! 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது. லாண்டிங்காவும் 2012இல் வால்வில் சேர்ந்திருந்தார். ஒரு முதலாளிக்கு இன்னொரு முதலாளியிடமிருந்து தப்பிக்க நம்முடைய கட்டற்ற நிலம் தேவைப்பட்டது. இதைச் சொல்வதால் வால்வ் செய்ததன் பயன் குறைந்துவிடாது. ஆனால் யாருடைய அச்சத்தில் இது தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது.

அதே 2012இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இது பற்றி எழுதினார். மூடிய விளையாட்டு நிரல்கள் அறமற்றவை, ஆனால் அவற்றை ஆடித்தான் தீருவேன் என்பவர் விண்டோஸை விட்டு வந்து ஆடினால் அந்த மட்டுக்கும் நல்லது. அதேசமயம் நோக்கம் சுதந்திரம்தான் என்பதை அது மறக்கடித்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம்மில் பலர் அவரை வறட்டுவாதி என்று ஒதுக்குகிறோம். இந்த விஷயத்தில் அவர் அளந்துதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

2015இல் கடைக்கு வந்த 'ஸ்டீம் மெஷின்' கணினிகள் போணியாகவில்லை. பெயர்க்கச் சொல்லி நிறுவனங்களை வற்புறுத்திப் பயனில்லை என்பது வால்வுக்குப் புரிந்தது. 1993 முதல் தன்னார்வலர்கள் கட்டி வந்த 'ஒயின்' என்ற திட்டம், விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி அந்தந்தக் கணமே மாற்றிச் சொல்வது. பிலிப் ரெபோலே என்பவர் தனக்குப் பிடித்த ஒரு விளையாட்டை ஓட்ட எழுதத் தொடங்கிய 'டிஎக்ஸ்விகே', டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றுவது. இவற்றைச் சேர்த்து 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' வந்தது. 2022இல் அதை நம்பி 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவி. ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸ் 2025 அக்டோபரில் 3 சதவீதத்தைத் தாண்டியது.

ஆக, இப்போது பெரும்பாலும் யாரும் பெயர்ப்பதில்லை. புத்தகத்தை மொழிபெயர்ப்பதற்குப் பதில் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் ஒரு துபாஷியை உட்கார வைத்தாயிற்று. துபாஷியின் மூலநிரல் திறந்தது, நம்முடையது. ஆனால் மூல மொழி மைக்ரோசாஃப்டினுடையது, கடை வால்வினுடையது. லினக்ஸுக்கென்றே பெயர்த்த பழைய பதிப்பு ஓடாமல் மக்கர் செய்ய, அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பு லினக்ஸில் சுகமாக ஓடுகிற விசித்திரமும் நடக்கிறது. இதை வெற்றி என்று சொல்வதா, உள்வாங்கப்பட்டோம் என்று சொல்வதா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது, தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை.

துபாஷியாலும் தாண்ட முடியாத ஒரு சுவர் உண்டு. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்க வைத்திருக்கும் காவல் நிரல்கள். இவற்றில் சில கணினியின் கெர்னல் வரை இறங்கி வேவு பார்ப்பவை. லினக்ஸில் கெர்னலையே பயனர் மாற்றி எழுதிக்கொள்ளலாம். அதுதானே சுதந்திரம் என்று நாம் மேடையில் முழங்குவது? அந்தச் சுதந்திரமே அங்கே குற்றத்துக்கான வாய்ப்பாகிறது. தன் கணினியைத் தானே ஆளக்கூடியவர் நம்பத் தகாதவர். 2024 மே மாதம் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' இத்தகைய காவலைக் கொண்டுவந்ததும் ஒயின் வழியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. லினக்ஸின் திறந்த தன்மை ஏமாற்றுவோருக்கு வசதியாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

போன வாரம் அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து, 'அன்னிக்கு எந்த கேம்னு நான் கேக்கவே இல்லையேப்பா' என்றேன்.

'ஏபெக்ஸ் தோழர்.'

'ஓடிச்சு. 2024 அக்டோபர் வரைக்கும்.'

'அது தெரியும் தோழர்,' என்றான். 'அதனாலதான் கேட்டேன்.'